கையால் செய்த ஃபோகசருக்குக் கீபேட்: தேவையா, வீம்பா?

மொட்டைமாடி (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)
எல்லாருக்கும் வணக்கம். என்னோடது 8 இஞ்ச் கண்ணாடி, எஃப் 5 (ஃபோகஸ் தூரம் கண்ணாடி அகலத்தைப் போல அஞ்சு மடங்கு), டாப்சோனியன் தொலைநோக்கி, கையால திருப்புற எளிய ஸ்டாண்ட் வச்சது. குழாய் பிவிசி. ஃபோகசர், அதாவது ஐபீஸை (கண் வச்சுப் பார்க்கிற லென்ஸ்) உள்ளே வெளியே நகர்த்தித் தெளிவாக்குற பாகம், கிரேஃபோர்டு வகை, பக்கத்து லேத் பட்டறையில உட்கார்ந்து சொல்லிச் சொல்லிக் கடைய வச்சது. 200 மடங்குல சனியைப் பார்க்கும்போது திருகைத் தொட்டாலே வளையம் தட்டாமாலை சுத்துது. ஆட்டம் நிக்கட்டும்னு காத்திருந்து பார்த்தா ஃபோகஸ் தாண்டிப் போயிருக்கும். அதனால 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டாரை (எண்ணி எண்ணி அடி அடியா நகர்றது) மாட்டி, அதை இயக்க யூஎல்என்2003 பலகை, நிரல் ஓட்ட ஆர்டுயினோ நானோங்கிற குட்டிக் கணினிப் பலகை வச்சு ரெண்டு பட்டன்ல ஓட்டிட்டு இருக்கேன்.

இப்ப ரெண்டு பட்டனுக்குப் பதிலா 16 கட்டை மெம்பரேன் கீபேட் போடப் போறேன். 1 முதல் 9 வரை ஒவ்வொரு ஐபீஸுக்கும் ஃபோகஸ் இடத்தைப் பதிஞ்சு வச்சுக்கலாம். ஏ, பி உள்ளே வெளியே. சி, டி வேகம். யாராவது இப்படிச் செஞ்சிருக்கீங்களா?

கைத்திருகு (அல்சூர்)
தம்பி, ஆடுறது உங்க ஃபோகசர் இல்லை, ஸ்டாண்ட். அதைச் சரிபண்ணாம மோட்டாரை மாட்டுறது, கால் உடைஞ்ச கட்டிலுக்கு மெத்தையை மாத்துற கதை.

இன்னொண்ணும் சொல்றேன், கோபிக்காதீங்க. கிரேஃபோர்டோட அழகே அதுல பல் இல்லைங்கிறதுதான். இங்கிலாந்துல ஜான் வால் யோசிச்சது: தண்டு குழாயை அழுத்திக்கிட்டு உருளும், அவ்வளவுதான். பல்லும் இல்லை, பல்லுக்கு நடுவுல இருக்கிற தளர்ச்சி, அதாவது பிளேயும் இல்லை. நீங்க அதுல கொண்டுபோய் வயிறு பூரா பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிற மோட்டாரை மாட்டியிருக்கீங்க. 10க்கு 1 நுண்திருகு (பத்து சுத்து சுத்தினா தண்டு ஒரு சுத்து சுத்தும்) ஒண்ணு போட்டா வேலை முடிஞ்சது.

மொட்டைமாடி
ஸ்டாண்ட் ஆடுறதை ஒத்துக்கறேன் சார். ஆனா கணக்கைப் பாருங்க. எஃப் 5ல, பச்சை வெளிச்சத்துக்கு, தெளிவா இருக்கிற ஆழம் மொத்தமே 67 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்) சொச்சம். என் தண்டு 6 மிமீ. ஒரு சுற்றுக்கு 18.85 மிமீ நகரும். அந்த 67 மைக்ரானுக்குள்ள நிறுத்தணும்னா திருகை ஒண்ணே கால் டிகிரிக்குள்ள பிடிக்கணும். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 2048 அடி, அதாவது ஒரு அடிக்கு 9 மைக்ரான். ஏழு அடி இடம் கிடைக்குது.

கைத்திருகு
உங்க கணக்கையே எடுத்துக்குங்க. 10க்கு 1 திருகுல அந்த ஒண்ணே கால், பன்னிரண்டு பதிமூணு டிகிரி ஆயிடும். கடிகார முள்ளுல ரெண்டு நிமிஷம் நகர்ற தூரம். என் அறுபது வயசு விரலுக்கே அது தெரியும். பேட்டரி கேட்காது, நிரல் கேட்காது.

ஈயப்புகை (பானஸ்வாடி)
மோட்டார் வேணுமா வேண்டாமாங்கிற சண்டைக்குள்ள நான் வரலை. எனக்கு ஆட்சேபம் அந்த 1 முதல் 9 மேலதான்.

கிரேஃபோர்டு உராய்வுல ஓடுறது. கனமான 2 இஞ்ச் ஐபீஸைப் போட்டா கொஞ்சம் வழுக்கும். மோட்டார் 1400 அடி எண்ணியிருக்கும், குழாய் வேற இடத்துல நிக்கும். நானோவுக்கு அது தெரியவே தெரியாது, ஏன்னா அது எண்ணுறது அது அனுப்பின அடியைத்தான்.

வழுக்கலைன்னே வைங்க. அலுமினியக் குழாயே ஒரு மீட்டர் நீளத்துக்கு, 5 டிகிரி குளிர்ந்தா 0.115 மிமீ சுருங்கும். உங்க 67 மைக்ரான் அதுலயே போச்சு. பிவிசி அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல சுருங்குற சரக்கு. சாயங்காலம் 7 மணிக்குப் பதிஞ்ச எண்ணை ஜனவரியில விடியக்காலை 3 மணிக்கு அமுக்கினா என்ன வரும்?

மொட்டைமாடி
பதிஞ்ச எண் பக்கத்துல கொண்டுபோய் விட்டா போதும்க்கா. கடைசி ஏழெட்டு அடியை ஏ, பி வச்சு நானே பார்த்துக்குவேன். ஐபீஸ் மாத்தினதும் மங்கலா ஒரு வட்டத்தை வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போறதுன்னு தேடுறது இருக்கே, அதுதான் எரிச்சல்.

கைத்திருகு
ஒரு கேள்வி. உங்ககிட்ட ஐபீஸ் எத்தனை?

மொட்டைமாடி
மூணு.

கைத்திருகு
மூணு ஐபீஸுக்கு ஒன்பது கட்டை!

இதைச் செஞ்சு பாருங்க. மூணுல எதுக்கு ஃபோகசர் ரொம்ப உள்ளே போக வேண்டியிருக்கோ, அதை முழுசா இறக்கி ஃபோகஸ் பண்ணுங்க. அப்புறம் ஃபோகசரைத் தொடாதீங்க. மத்த ரெண்டையும் கையால மேலே தூக்கித் தூக்கிப் பார்த்து, தெளிவாகிற இடத்துல கழுத்தைச் சுத்தி ஒரு ரப்பர் ஓ-ரிங். இனி எதை மாத்தினாலும் கிட்டத்தட்ட ஃபோகஸ்லயே நிக்கும். பிளம்பிங் கடையில சில்லறைக் காசு. பவர் போனாலும் மறக்காது.

நீலப்பல்
கீபேடும் வேண்டாம், வளையமும் வேண்டாம். ப்ளூடூத் மாட்யூல் ஒண்ணு போட்டு போன்ல ஆப் வச்சுக்கலாமே?

ஈயப்புகை
கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம். போன் திரையைப் பார்த்தா அது ஒரு நொடியில காலி. நெபுலா (மங்கலான விண்மேகம்) பார்க்கிறவங்க கிட்ட இதைச் சொல்லாதீங்க, அடிப்பாங்க. கேமரா மாட்டி லேப்டாப்ல பார்க்கிறவங்களா இருந்தா அது வேற பேச்சு.

மொட்டைமாடி
"பவர் போனாலும் மறக்காது"ன்னு சார் சொன்னது சரியா குத்திடுச்சு. நேத்து நடந்ததைச் சொல்றேன். மோட்டார் நின்னதும் சுருளுக்குப் போற மின்சாரத்தை நிரல்ல நிறுத்திடுவேன். இல்லைன்னா மோட்டார் சூடாகி, அந்தச் சூடு குழாய் வாய்ல அலை மாதிரி ஏறும். நிறுத்தினதும் நானோ மட்டும்தான் மின்சாரம் குடிக்குது, அதுவும் துளி. என் பவர் பேங்க், ஒண்ணும் மாட்டலைன்னு நினைச்சு அரை நிமிஷத்துல தூங்கிடுச்சு. எண்ணிக்கை பூஜ்யம். மறுபடி ஆன் பண்ணி, ஒரு ஐபீஸுக்குச் சோதனையா நிரல்ல பதிஞ்சிருந்த இடத்துக்குப் போகச் சொன்னேன், கிர்ர்னு உள்ளே போய்க்கிட்டே இருந்தது. முட்டுறதுக்குள்ள ஒயரைப் பிடுங்கினேன்.

ஈயப்புகை
ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் எண்ணிக்கையை நானோவோட ஈப்ராம்ல (பவர் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுங்க. அந்த சிப்புல ஒரு இடத்துல லட்சம் தடவை எழுதலாம், உங்க ஆயுசுக்குப் போதும். கூடவே உள்பக்க முனையில ஒரு லிமிட் சுவிட்ச், குழாய் வந்து தொட்டதும் நானோவுக்குச் சொல்றது. ஆன் பண்ணினதும் அதைத் தொட்டுட்டு வந்து எண்ண ஆரம்பிக்கட்டும்.

அந்த மெம்பரேன் கீபேட் மட்டும் வாங்காதீங்க. வழவழன்னு ஒரே தட்டை. பகல்ல மேசை மேல நல்லா இருக்கும், இருட்டுல எது ஏ எது டின்னு விரலுக்குத் தெரியாது. பனி இறங்கின ராத்திரியில நான் மெதுவான வேகம்னு நினைச்சு வேறெதையோ அமுக்கி, நட்சத்திரம் பலூன் மாதிரி ஊதிப்போச்சு. பழைய லேண்ட்லைன் போனோட கட்டைகளைத் தேடுங்க. 5க்கு மேல ஒரு புடைப்பு இருக்கும். அதை விரல் பிடிச்சுடுச்சுன்னா மத்த பதினொண்ணும் தானா தெரியும்.

மொட்டைமாடி
சனிக்கிழமை எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போனேன். நாலாவது கடையில, பழைய போன்கள் குவிச்சிருந்த கூடைக்குள்ள கிடைச்சது. மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சு, ஒவ்வொரு கட்டையா அமுக்கி, எந்த ரெண்டு கம்பி சேருதுன்னு தாள்ல குறிச்சேன். நாலு வரிசை, மூணு பத்தி, ஏழு கம்பி. பழைய லேன் ஒயர்ல எட்டுக் கம்பி இருக்கே, ஒண்ணு மிச்சம்.

2 வெளியே, 8 உள்ளே. 4 மெதுவா, 6 வேகமா. 5 நிறுத்து. மூலையில இருக்கிற 1, 3, 7 மட்டும் ஐபீஸுக்கு. யூஎல்என் பலகையில நாலு எல்இடி தீபாவளி மாதிரி மினுக்குச்சு, கறுப்பு டேப் ஒட்டிட்டேன். 5 மேல இருந்த புடைப்பு தேய்ஞ்சிருந்தது, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டுக் காய வச்சேன். கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிப் பார்த்தேன், பத்துக்குப் பத்து சரி.

ஓ-ரிங்கும் வாங்கிட்டேன் சார். ரெண்டையும் வச்சுப் பார்க்கிறேன்.

கைத்திருகு
ரெண்டு நாள்ல ஓ-ரிங் மட்டும் மிஞ்சும். ஸ்டாண்ட் என்ன ஆச்சு?

மொட்டைமாடி
காலுக்கு அடியில ரப்பர் துண்டு வச்சேன். பாதி ஆட்டம் போயிருக்கு.

ஈயப்புகை
இனி மிச்சம் இருக்கிறது மோட்டாரோட பிளே. எப்பவும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிக்கணும். 8ல உள்ளே போகும்போது கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வெளியே வந்து நிக்கிற மாதிரி நிரல்ல எழுதியிருக்கீங்களா?

மொட்டைமாடி
இல்லைக்கா. இன்னைக்கு மேகம் மூடிக் கிடக்கு. உட்கார்ந்து எழுதறேன்.