'டைரக்டட் எவல்யூஷன்': தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், சென்னையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

இளநிலை உயிரித்தொழில்நுட்பப் பாடநூல் ஒன்றின் தமிழாக்கத்தில், நொதிகளையும் நுண்ணுயிரிகளையும் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் ஏற்றவாறு மாற்றியமைப்பதைப் பற்றிய இயல் என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதை ஒப்படைத்தாக வேண்டும். மற்ற சொற்களெல்லாம் ஒருவாறு படிந்துவிட்டன. 'டைரக்டட் எவல்யூஷன்' மட்டும் இடறுகிறது. இயலின் தலைப்பிலும் ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் வரும் சொல்லாதலால், ஒலிபெயர்த்துவிட்டு நகர மனம் வரவில்லை.

பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா, புரதத்தைச் சிதைக்கும் சப்டிலிசின் என்ற நொதியைச் சுரக்கிறது. நீரில் நன்றாக வேலை செய்யும் இந்நொதி, டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரிமக் கரைப்பானில் சோர்ந்துவிடும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரான்சஸ் அர்னால்டு இதன் மரபணுவில் குறிப்பிட்ட ஒழுங்கின்றிப் பல மாற்றங்களை உண்டாக்கி, மாறிய மரபணுக்களைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அவை ஆக்கிய ஏராளமான நொதி வகைகளுள் அந்தக் கரைப்பானிலும் கேசின் என்ற பால்புரதத்தைச் சிறப்பாகச் சிதைத்ததை மட்டும் பொறுக்கியெடுத்து, அதன் மரபணுவை மீண்டும் மாற்றத்துக்கு உட்படுத்தினார். மூன்றாம் தலைமுறையில், முதல் நொதியைவிட 256 மடங்கு திறனுள்ள ஒன்று கிடைத்தது. 1993-இல் வெளிவந்த இந்த ஆய்வே, 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியை அவருக்குப் பெற்றுத்தந்த பணியின் தொடக்கம்.

என் வரைவில் 'நெறிப்படுத்தப்பட்ட பரிணாம வளர்ச்சி' என்று எழுதியிருக்கிறேன். 'நெறிப்படுத்தப்பட்ட பரிணாம வளர்ச்சியினால் பெறப்பட்ட நொதிகளின்' என்று அது நீளும்போது மாணவர் வாக்கியத்தின் தலையை மறந்துவிடுவார். குறுகிய சொல் ஒன்றைத் தந்து உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரையிலிருந்து:

முதலில் 'பரிணாமம்' என்பதையே விட்டுவிட வேண்டும். வடசொல் என்பதனால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அது மெய்யியலில் ஏற்கெனவே ஒரு பொருளை ஏற்றுக்கொண்ட சொல். பால் தயிராகத் திரிவதுபோல் ஒரு பொருள் வேறொன்றாக மாறுவதைத்தான் சாங்கியரின் பரிணாமவாதம் பேசுகிறது. தலைமுறை, பெருக்கம், தேர்வு ஆகிய எவையும் அங்கே இல்லை. 'படிமலர்ச்சி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் இருக்கும்போது பழைய சட்டையை ஏன் புதிய உடலுக்கு மாட்ட வேண்டும்? 1916-இல் சேலத்தில் கலைச்சொல் ஆக்கும் பணிக்காகத் தொடங்கிய சங்கம் 'தமிழ் சாஸ்திர பரிபாஷை' என்று தன் பெயரிலேயே வடமொழியைச் சுமக்க வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதே இடத்தில் நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது.

'டைரக்டட்' என்பதற்கு 'ஆற்றுப்படுத்திய' என்பதே ஏற்ற சொல். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் துறையில் அமைந்தவை என்பதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பரிசில் பெற்று வருபவன் பெறச் செல்பவனுக்கு வழிகாட்டுகிறான். ஆய்வாளர் நொதிக்கு வழிகாட்டுகிறார். 'ஆற்றுப்படு மலர்ச்சி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஆய்வுக்கூடப் பணியாளர், பெங்களூருவிலிருந்து:

ஐயாவின் மடலை மதிப்போடு படித்தேன். நொதிகளோடு நாள்தோறும் பழகுபவன் என்ற முறையில் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆற்றுப்படுத்துபவனுக்கு வழி தெரியும்; எந்த மலையைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பது வரை அவன் சொல்லிவிடுகிறான். எங்களுக்கு வழி தெரியாது என்பதுதான் இந்த முறைக்கே காரணம். சப்டிலிசினில் 275 அமினோ அமிலங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் வேறு 19 அமினோ அமிலங்களுள் ஒன்றை வைக்கலாம் என்பதால், ஒரே ஒரு மாற்றத்துக்கு 5,225 வாய்ப்புகள். இரண்டு மாற்றங்கள் ஒருசேர என்றால் ஒரு கோடியே முப்பத்தாறு இலட்சத்துக்கும் மேல். எது பயன்படும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல முடியாததால்தான் மாற்றத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

மனிதக் கை படுவது பொறுக்கியெடுக்கும் இடத்தில்தான். எதைச் சோதிக்கிறாயோ அதுவே கிடைக்கும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் பாடம். வெப்பத்தைத் தாங்கும் நொதி வேண்டுமென்று எண்ணிக்கொண்டு, சாதாரண வெப்பநிலையில் வினைவேகத்தை மட்டும் அளந்தால், வேகமானது கிடைக்கும். வெப்பம் தாங்குவது கிடைக்காது. எனவே சொல்லில் 'தேர்வு' இருக்க வேண்டும். 'வழிகாட்டல்' இருந்தால் மாணவர் தவறாகப் புரிந்துகொள்வார். ஆங்கிலச் சொல்லிலுள்ள அந்தக் குறையைத் தமிழும் சுமக்க வேண்டியதில்லை.

நுண்ணுயிரிகளுக்கும் இது பொருந்தும். பென்சிலின் பூஞ்சையின் கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பியோரியா நகரச் சந்தையில் கிடைத்த முலாம்பழத்தில் பிடித்திருந்த பூஞ்சையை எடுத்து, எக்ஸ் கதிராலும் புறஊதாக் கதிராலும் தாக்கி, பிழைத்தவற்றுள் அதிகம் சுரந்ததைத் தேர்ந்து தேர்ந்தே விளைச்சலைப் பெருக்கினார்கள். இன்றைய பெயர் அன்று இல்லை; வேலை இதுதான்.

ஆசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். இந்தச் சொல்லின் பாதி எங்கள் பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். இலங்கையில் எவல்யூஷனை 'கூர்ப்பு' என்றே கற்பிக்கிறோம். நீங்கள் நொதி என்பது எங்களுக்கு நொதியம். நுண்ணுயிரி எங்களுக்கு நுண்ணங்கி. மரபணு மாற்றம் எங்களுக்கு விகாரம். உயர்தர வகுப்பு மாணவர் எவரும் 'கூர்ப்பு' என்றதும் திகைப்பதில்லை.

இது வெறும் வழக்குச் சொல் அன்று. தொல்காப்பிய உரியியலில் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று நூற்பா உண்டு. முன்பே உள்ள ஒன்று மிகுதலே கூர்ப்பு. சப்டிலிசினுக்குக் கரைப்பானில் சிறிதளவு திறன் முன்பே இருந்தது. அது 256 மடங்காகச் சிறந்தது. இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேறு எந்த மொழியில் கிடைக்கும்? 'நெறிப்படுத்திய கூர்ப்பு' என்பது என் முன்மொழிவு. நெறியா தேர்வா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, கூர்ப்பில் உண்டு.

பேராசிரியர், மதுரையிலிருந்து:

யாழ்ப்பாண ஆசிரியர் என் வாயடைத்துவிட்டார். உரியியல் நூற்பாவை நானல்லவா முதலில் நினைவுகூர்ந்திருக்க வேண்டும்! 'படிமலர்ச்சி'யைப் பின்வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் 'விகாரம்' என்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அச்சொல் அருவருப்பைக் குறிக்கத் தேய்ந்துவிட்டது. எனினும் நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரத்தை மூன்றாக்கினார். தொல்காப்பியர் அதற்கு முன்பே திரிபை மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று வகுத்தார். மரபணுவில் ஓர் எழுத்து வேறாவதும், புதிதாக ஒன்று நுழைவதும், இருந்தது விடுபடுவதும் இந்த மூன்றுக்குள் அப்படியே அடங்குகின்றன. எழுத்துகள் புணரும்போது நேர்வதை விளக்க எழுந்த கலைச்சொற்கள், நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட மரபணுவுக்கும் பொருந்திவருவது எனக்குப் பெருமகிழ்ச்சியைத் தருகிறது. மரபணுப் பாடத்துக்கு மிகுதல், குன்றல், பிறிதாதல் என்ற மூன்றையும் கலைச்சொற்களாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கிறேன்.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். தேர்வும் கூர்ப்பும் வேண்டுமென்றால் 'தேர்கூர்ப்பு' என்று வினைத்தொகையாக்கலாம். தேர்ந்த கூர்ப்பு, தேர்கின்ற கூர்ப்பு, தேரும் கூர்ப்பு என முக்காலமும் அதில் அடங்கும். தேர்ந்ததையே மீண்டும் மாற்றி மீண்டும் தேர்வது இந்த முறையின் இயல்பு என்பதால், காலம் கரந்த தொகையே இதற்கு ஏற்றது.

கல்லூரி விரிவுரையாளர், கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, தங்கள் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நான் வகுப்பறையில் நிற்பவள். 'தேர்கூர்ப்பு' என்று கரும்பலகையில் எழுதினால், என் மாணவிகள் முதலில் திருவிழாத் தேரை நினைப்பார்கள். பிறகு எதையோ சீவிக் கூராக்குவதை நினைப்பார்கள். பெயர்ச்சொல்லான தேராக இருந்தால் 'தேர்க்கூர்ப்பு' என்று வலி மிகும், வினைத்தொகையில் மிகாது என்று தாங்கள் விளக்கம் தருவீர்கள். அது சரியே. ஆனால் ஒற்று மிகாமையை வைத்துப் பொருளைப் பிரித்தறியும் பயிற்சி உயிரித்தொழில்நுட்ப மாணவர்களிடம் இல்லை. அதை அவர்களுடைய குறையாக்கி, நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

'ஆற்றுப்படுத்தல்' பற்றியும் ஒரு சொல்: கல்லூரிகளில் மனநல ஆலோசனைக்கே இப்போது அந்தச் சொல் வழங்குகிறது.

பள்ளிப் பாடநூலில் 'பரிணாமம்', 'இயற்கைத் தேர்வு' இரண்டையும் படித்துவிட்டுத்தான் இவர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்த அடித்தளத்தின்மேல் கட்டுவதாக இருந்தால் 'தேர்வுவழிப் பரிணாமம்' போதும். கேட்டவுடன் பாதியாவது புரியும். மீதியை நான் கற்பித்துக்கொள்வேன். தமிழில் அறிவியல் படிக்க முன்வரும் பிள்ளைகள் ஏற்கெனவே சிலர்தான். சொல்லின் தூய்மைக்காக அவர்களில் ஒருத்தியைக்கூட இழக்க நான் விரும்பவில்லை.

ஆய்வுக்கூடப் பணியாளர், பெங்களூருவிலிருந்து:

அம்மையார் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் 'தேர்வுவழி' என்பதில் ஒரு சிக்கல் உண்டு. இயற்கைத் தேர்வும் தேர்வுதான். எல்லாப் பரிணாமமும் ஒருவகையில் தேர்வுவழியே நடக்கிறது. யார் தேர்கிறார் என்பதல்லவா வேறுபாடு? ரிச்சர்டு லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய, ஈ. கோலை பாக்டீரியாவைப் பன்னிரண்டு தொகுதிகளாகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் ஆய்வில், சூழலை மட்டுமே ஆய்வாளர்கள் அமைத்தார்கள். வென்றது எது என்பதைப் பாக்டீரியாக்களின் போட்டியே முடிவுசெய்தது. முப்பதாயிரம் தலைமுறைகளுக்கு மேல் கடந்தபின், ஒரு தொகுதி ஆக்சிஜன் உள்ள சூழலிலும் சிட்ரேட்டை உண்ணக் கற்றது. ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த பரிணாமம்தான் அது; ஆனால் நாம் பேசும் முறை அன்று.

'உள்ளது சிறக்கும்' என்ற நூற்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கான சிடாகிளிப்டின் மருந்தைத் தயாரிக்க, முன்பு ரோடியம் என்ற உலோகத்தாலான வினையூக்கியும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் தேவைப்பட்டன. அதற்கு மாற்றாக, மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஒரு டிரான்ஸ்அமினேஸ் நொதியை உருவாக்கி, 2010-இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நொதிக்கு, வேண்டிய மூலப்பொருள்மீது அளவிடத்தக்க திறன் எதுவுமே தொடக்கத்தில் இல்லை. பெரிய மூலக்கூறு, நொதியில் வினை நடக்கும் பொந்துக்குள் நுழையவே இல்லை. எனவே அந்த மூலக்கூறின் நறுக்கிய சிறு வடிவத்தைக் கொடுத்து, கணினி மாதிரியின் துணையால் பொந்தை அகலப்படுத்தி, முதலில் மிகச்சிறிய திறனை வரவழைத்தார்கள். அதன்பிறகே மாற்றுவதும் தேர்வதுமான சுற்றுகள் தொடங்கின. இறுதி நொதியில் 27 மாற்றங்கள். இதைக் கூர்ப்பு என்றால், இல்லாததை உண்டாக்கிய முதற்கட்டம் அதற்குள் அடங்குமா?

ஆசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து:

அடங்காது, அடங்கவும் கூடாது. நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டு என் பக்கமே பேசுகிறது. முதற்கட்டத்தில் மனித அறிவு வடிவமைத்தது. திறன் தலைகாட்டிய பிறகு, அதாவது 'உள்ளது' என்று ஒன்று ஆன பிறகுதான், கூர்ப்பு தொடங்கிற்று. வடிவமைப்பு எங்கே முடிகிறது, கூர்ப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை இச்சொல் காட்டிக்கொடுக்கிறது. 'பரிணாமம்' அந்த எல்லையைக் காட்டாது. பேராசிரியர் சொன்ன தயிர்போல அது முழுமாற்றத்தைப் பேசும் சொல்.

தமிழ்நாட்டு மாணவருக்குக் 'கூர்ப்பு' புரியாது என்ற வாதத்தை எத்தனை காலத்துக்குக் கேட்பது? எங்கள் பிள்ளைகள் உங்கள் நூல்களைப் படிக்கும்போது 'நுண்ணுயிரி'யைப் பழகிக்கொள்கிறார்கள். பழகும் கடமை ஒரு கரைக்கு மட்டும் உரியதா?

மொழிபெயர்ப்பாளர், சென்னையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நாளை ஒப்படைக்க வேண்டும் என்பதால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மாணவருக்குக் கேட்டவுடன் பாதியாவது புரியும் என்பதால், நூலின் உடலில் 'தேர்வுவழிப் பரிணாமம்' என்றே எழுதுகிறேன். இங்கே தேர்பவர் ஆய்வாளர் என்பதை முதற்பத்தியிலேயே ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிட்டேன். வடிவமைப்பையும் தேர்வையும் வேறு வேறு பிரிவுகளாக்கி, சிடாகிளிப்டின் எடுத்துக்காட்டை இரண்டுக்கும் நடுவே வைத்திருக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'கூர்ப்பு' என்பதைத் தனிப் பதிவாக, உரியியல் நூற்பாவோடு சேர்க்கிறேன். மிகுதல், குன்றல், பிறிதாதல் என்ற மூன்றும் மரபணுப் பகுதியில் இடம்பெறுகின்றன. பதிப்பாசிரியர் அவற்றை எதிர்த்தால் உங்கள் மடல்களையே அவருக்குக் காட்டுவேன்.

பேராசிரியர், மதுரையிலிருந்து:

மகிழ்ச்சி. 'தேர்கூர்ப்பு' பட்டியலில்கூட இல்லையா?

ஆசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து:

உங்கள் நெருக்கடி எனக்கும் புரிகிறது, பதிவுக்கு நன்றி. ஆயினும் என் மறுப்பைக் குறித்துவைக்க வேண்டுகிறேன். பின்னிணைப்பில் இருக்கும் சொல்லை மாணவர் தேடிப் போவதில்லை. உடலில் இருக்கும் சொல்லே நிலைக்கும். அடுத்த பதிப்பு வரும்போது முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறையேனும் 'கூர்ப்பு' என்று எழுதிப் பாருங்கள். அதுவரை எங்கள் வகுப்புகளில் நாங்கள் 'தெரிவுவழிக் கூர்ப்பு' என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.