மலைக்கு சீசன் பார்க்காதீர்கள்: சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சுவிஸுக்குக் குடிவந்த முதல் வருடம் நம்மில் பெரும்பாலானோர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்ததும் யுங்ஃபிராவ்யோக் மலை ரயிலுக்கு டிக்கெட், பனியில் நின்று நாலு படம், குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பியாச்சு, அதோடு மலை முடிந்தது. அடுத்த விருந்தாளி வரும்வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பெர்னில் எட்டு வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், பெர்னர் ஓபர்லாண்ட் மலைப்பகுதிக்கு வருடம் முழுக்கப் போக வேண்டும், அதிலும் முக்கியமாக வெளியே கிளம்பவே மனம் வராத நவம்பரிலிருந்து ஜனவரிவரை.

நமக்கு மலை என்றாலே சீசன்தான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஏப்ரல், மே. குற்றாலம் என்றால் சாரல் விழுகிற ஜூன், ஜூலை. வெயிலுக்குத் தப்பித்து மேலே ஏறியே பழகிவிட்டோம். இங்கே கணக்கு தலைகீழ், வெயிலைத் தேடித்தான் மேலே ஏற வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பெர்ன் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சூரிச் 400 மீட்டரில். ஆல்ப்ஸ் ஒருபக்கம், யூரா மலை மறுபக்கம், நடுவில் தட்டு மாதிரி கிடக்கிற இந்த நிலத்தில் குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று வந்து தேங்கிவிடும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு மூடுபனிக் கூரை. வடகிழக்கிலிருந்து பீஸெ என்கிற காற்று வீசினால் அந்தக் கூரை நாள்கணக்கில் விலகாது. அந்த நாட்களில் பெரும்பாலும் ஆயிரம் மீட்டரை ஒட்டிக் கூரை முடிந்துவிடும், அதற்கு மேலே முழு வெயில்.

எங்களுக்கு முதல் வருடம் இது தெரியாது. அக்டோபரில் வந்தோம், நவம்பர் நடுவிலிருந்து வெளிச்சமே இல்லை. காலை எட்டு மணிக்கும் விளக்கு, மாலை நாலரைக்கும் விளக்கு. காரணமே இல்லாமல் வீட்டில் சண்டை, குழந்தை சாப்பிடமாட்டாள், எனக்குப் பாதி நாள் அழுகை வரும். அந்த டிசம்பரில் பெர்ன் ஐரோப்பாபிளாட்ஸில், பல சமயங்களின் வழிபாட்டிடங்கள் சேர்ந்திருக்கும் சமயங்களின் இல்லத்துக்குள் இருக்கிற கோவிலுக்குப் போனபோது, 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வீட்டுக்குள்ளேயே இருக்காதேங்கோ. வெங்கனுக்கு ஏறிப் பாருங்கோ, அங்க வெயில் நிக்கும்" என்றார். அடுத்த சனிக்கிழமையே போனோம். இன்டர்லாகன் வரை மூடுபனி, லவுட்டர்ப்ரூனன் நிலையத்திலும் எதிர்நடைமேடை மங்கலாகத்தான் தெரிந்தது. பல்சக்கர ரயில் ஏற ஏறச் சன்னலுக்கு வெளியே சாம்பல் வெள்ளையாகி, வெள்ளை மஞ்சளாகி, சட்டென்று நீல வானம். பெட்டியில் இருந்த எல்லோருமே ஒருசேரக் கண்ணைச் சுருக்கினோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு அடைத்த மாதிரி, மேலே யுங்ஃபிராவ் சிகரம். வெங்கன் 1,274 மீட்டர், கார் நுழையாத ஊர். அன்று ஒரு மரப்பெஞ்சில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம், குழந்தை கொண்டுபோன தயிர்சாதத்தை முழுசாகச் சாப்பிட்டாள்.

அதனால் முதல் அறிவுரை இதுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வாரக் கடைசியில் வானிலை ஆப்பில் மூடுபனியின் மேல் எல்லை எத்தனை மீட்டர் என்று பாருங்கள், ஜெர்மனில் நேபல்கிரென்ஸெ என்பார்கள். 900 என்று போட்டிருந்தால் 1,200-க்கு மேலே போங்கள், முடிந்தது விஷயம். கிளம்புமுன் அந்த ஊரின் வெப்கேமராவையும் பார்த்துவிடுங்கள், ஏறக்குறைய எல்லா மலை நிலையத்திலும் ஒன்று இருக்கிறது.

பனிச்சறுக்குத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் இன்றுவரை தெரியாது. குளிர்காலத்தில் நடப்பதற்கென்றே பனியை அழுத்திச் சமன்செய்த பாதைகள் இருக்கின்றன, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பலகை பார்த்துப் போகலாம். பிள்ளைகளுக்கு ஷ்லிட்டன் என்கிற மரச்சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்கும், கால் ஊன்றிப் பிரேக் போடத் தெரிந்தால் போதும். கிரிண்டெல்வால்டில் வேலோகெமெல் என்று சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை வைத்த மரச் சைக்கிள் ஒன்று உண்டு, 1911-லிருந்து அந்த ஊரின் சொத்து அது, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காண்டர்ஷ்டேக் ஊருக்கு மேலே 1,578 மீட்டரில் ஓஷினன் ஏரி இருக்கிறது. ஜனவரி வாக்கில் நன்றாக உறைந்தால் அதன்மேல் நடக்க அனுமதிப்பார்கள். திறந்துவிட்டார்கள் என்று அறிவித்தால் மட்டும் இறங்குங்கள், அறிவிப்பு இல்லாத எந்த ஏரிப் பனியிலும் கால் வைக்காதீர்கள்.

அப்புறம் வசந்தம். ஏப்ரல் கடைசியும் நவம்பரும் பல கேபிள்கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் காலம், ரெவிஷன் என்பார்கள். இது தெரியாமல் போய்ப் பூட்டிய நிலையத்தின் முன்னால் நிற்பவர்கள் நிறைய. அந்த வாரங்களிலும் வெங்கன் வழியாக 2,061 மீட்டரில் இருக்கும் க்ளைன ஷைடெக் ஏறுகிற ரயில் ஓடும், தூன் ஏரிக்கரையும் பிரியென்ஸ் ஏரிக்கரையும் எங்கும் போய்விடாது. மே, ஜூனில் பனி உருகி அருவிகளில் தண்ணீர் கொட்டும், லவுட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஷ்டௌப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர், ஊரின் தலைக்கு மேலேயே விழுகிறது. கொஞ்சம் தள்ளி ட்ரூமெல்பாக், ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் என்கிற மூன்று சிகரங்களின் பனியாற்றுத் தண்ணீரும் மலையின் வயிற்றுக்குள் குடைந்துகொண்டு இறங்குகிற இடம். உருகும் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர்வரை பாய்கிறது. உள்ளே நின்றால் பாறையே அதிர்வது காலில் தெரியும். குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்று வளர்ந்தவர்களுக்கு இங்கே குளிக்க முடியாதது ஒரு குறைதான், ஆனால் அந்தச் சத்தம் வேறு எங்கும் கிடைக்காது. நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

கோடையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், எல்லோரும் போகிறோம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள் என்பது மட்டும்தான், மதியத்துக்கு மேல் இடிமழை சொல்லாமல் வரும். நடைபாதைகளின் மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு, பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளம் மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கடினமான ஆல்பைன் பாதை, நமக்கானது இல்லை.

செப்டம்பர்தான் எனக்கு மிகப் பிடித்த மாதம். கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகளைப் பூவும் பெரிய மணியும் கட்டிக் கீழே ஓட்டிவருவார்கள், நம் மாட்டுப் பொங்கலைக் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். தூன் ஏரிக்கு மேலே யுஸ்டிஸ்டால் என்கிற பள்ளத்தாக்கில் அந்த மாதம் சீஸ் பங்கிடும் நாள் ஒன்று உண்டு. கோடையில் செய்த சீஸ் வட்டுகளை எல்லாம் குடிசை வாசலில் அடுக்கி, யாருடைய மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ அதற்கேற்பப் பிரித்துக்கொள்வார்கள். எந்த அடுக்கு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். வேடிக்கை பார்க்க யாரும் போகலாம். இந்த ஊர் மக்களை ரயிலிலும் அலுவலகத்திலும் பார்த்து இறுக்கமானவர்கள் என்று நினைத்திருந்தவள் நான், அன்று ஒரு பெரியவர் என் மகளுக்குச் சீஸ் வெட்டிக் கொடுத்து மாட்டின் பெயரையும் சொல்லித்தந்தார்.

சரி, காசு. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் முதல் பயம். ஹால்ப்டாக்ஸ் அட்டையை முதல் மாதமே எடுத்துவிடுங்கள், ரயில், பஸ், படகு எல்லாவற்றிலும், பல மலை ரயில்களிலும் பாதி விலை. பிள்ளைகளுக்கு ஆறு வயதுவரை டிக்கெட்டே இல்லை, அதற்கு மேல் பதினாறு வயதுவரை யூனியோர் அட்டை, வருடத்துக்கு 30 ஃபிராங்க், அப்பா அல்லது அம்மாவோடு போனால் வேறு செலவு இல்லை. இதோடு நீங்கள் குடியிருக்கும் கெமைன்டெ (உள்ளாட்சி) அலுவலகத்தில் விற்கிற, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்யும் நாள் அட்டையைக் கேளுங்கள். 2024-ல் இது வந்தபோது ஹால்ப்டாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 39 ஃபிராங்கில் தொடங்கியது. சீக்கிரம் வாங்கினால் குறைந்த விலை, தீர்ந்துபோனால் கிடைக்காது. வெங்கன், மூரன், கிரிண்டெல்வால்ட் வரையும், தூன், பிரியென்ஸ் ஏரிப் படகுகளிலும் அந்த ஒரே அட்டை செல்லும். யுங்ஃபிராவ்யோக் டிக்கெட் இன்டர்லாகனிலிருந்து பாதி விலையிலேயே ஆளுக்கு நிறைய ஆகும். 1912-லேயே மலையைக் குடைந்து 3,454 மீட்டருக்கு ரயில் விட்டவர்களின் உழைப்பு அது, கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும்தான், ஆனால் வானம் தெளிந்த நாளில் மட்டும். மேகத்துக்குள் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். மேலே மூச்சு வாங்கும், பெற்றோரை அழைத்துப்போனால் மெதுவாக நடக்கவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு உணவகம் தேடாதீர்கள். புளிசாதம், இட்லி மிளகாய்ப்பொடி, ஃபிளாஸ்கில் ரசம், நாங்கள் எட்டு வருடமாக இப்படித்தான் போகிறோம், பெஞ்சில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வழியில் இருக்கும் குழாய்த்தொட்டித் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், குடிநீர் இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம்.

காப்பீட்டையும் கவனியுங்கள். அடிப்படை மருத்துவக் காப்பீடு மலை மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5,000 ஃபிராங்க்வரை. ஹெலிகாப்டர் வந்தால் அது போதாமல் போகலாம். வேலை பார்ப்பவர்களுக்கு விபத்துக் காப்பீடு பெரும்பாலும் முதலாளி வழியாக இருக்கும், வீட்டில் இருக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் அது வராது. அதனால் நாங்கள் ரேகா என்கிற ஹெலிகாப்டர் மீட்புச் சேவைக்கு வருடாவருடம் ஆதரவுத்தொகை கட்டிவிடுகிறோம். அவர்களுடைய எண் 1414, போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பெர்னிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் இன்டர்லாகன் ஓஸ்ட் ரயில், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே மாறும்போது லவுட்டர்ப்ரூனன் என்று எழுதிய பெட்டியில் ஏறுகிறோமா என்று பாருங்கள், பாதி ரயில் வழியில் பிரிந்து கிரிண்டெல்வால்டுக்குப் போய்விடும். லவுட்டர்ப்ரூனனில் இறங்கி வெங்கன் ரயில், வலதுபக்கச் சன்னல். குளிர்காலமானால் ஆளுக்கு ஒரு கூலிங்கிளாஸ், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். குழந்தைக்கு இன்னொரு ஜோடி காலுறை.