கம்மி பட்ஜெட்ல எலக்ட்ரானிக்ஸ்: எதை நல்லதா வாங்கணும், எதை சீப்பா வாங்கலாம்?

மினுக்கும்_எல்இடி:
வணக்கம் மக்களே. நான் எலக்ட்ரானிக்ஸ் முறையா படிச்சவன் இல்ல, இப்பதான் ஆர்டுயினோ வச்சு எல்இடி மினுக்க விட்டுப் பழகிட்டு இருக்கேன், அடுத்து வோல்டேஜ் மாத்துற மாதிரி ஒரு பவர் சப்ளையும் சின்னதா ஒரு ஆடியோ ஆம்பும் நானே பண்ணணும்னு ஆசை. கையில காசு கம்மி. ஆன்லைன்ல பாத்தா 1000 பீஸ் காம்போனென்ட் கிட்ங்கறான், 60 இன் 1 சால்டரிங் கிட்ங்கறான், மல்டிமீட்டர் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு ஆனா ஒண்ணு இன்னொண்ணை விட பத்து மடங்கு விலை. எதுல காசு போடணும், எதுல போட வேண்டாம்? ஐசி எல்லாம் டூப்ளிகேட் வருதுங்கறாங்களே, அதையும் கொஞ்சம் சொல்லுங்க.

பழைய_பிசிபி:
60 இன் 1 பக்கமே போகாதீங்க தம்பி. அதுல 50 அயிட்டம் டப்பாவ ரொப்புறதுக்கு. காசு போட வேண்டிய முதல் இடம் சால்டரிங் அயன், ரெண்டாவது ஈயம் (அதாவது பத்த வைக்கிற சால்டர் கம்பி), அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். டெம்பரேச்சர் செட் பண்ற மாதிரி அயன் வாங்குங்க, பெரிய ஸ்டேஷன் வேணும்னு இல்ல, ஆனா அதுக்கு மாத்து டிப் ஈசியா கிடைக்கணும், 900எம் டைப் டிப் போடுற அயன்னா கவலையே இல்ல. கூடவே வர்ற ஊசி மாதிரி டிப்ப எடுத்து ஓரமா வச்சிட்டு 2 மில்லி அகலத்துல உளி மாதிரி தட்டையா இருக்கற சிசல் டிப் ஒண்ணு போடுங்க. ஊசி டிப்புல சூடு பேடுக்கு (போர்டுல பத்த வைக்கிற காப்பர் திட்டுக்கு) இறங்கவே இறங்காது, நீங்க டெம்பரேச்சர ஏத்திக்கிட்டே போவீங்க, கடைசியில காப்பர் ட்ராக் உரிஞ்சு வந்துடும். 350 டிகிரி பக்கம் வச்சா பெரும்பாலான வேலை முடிஞ்சிடும்.

ஈயத்துல பேரு தெரியாத ரோல் வேண்டவே வேண்டாம். 63/37 (63 பங்கு தகரம், 37 பங்கு ஈயம்), ஈயம் நல்லா ஒட்ட உதவுற ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளயே இருக்கறது, 0.8 மில்லி. 183 டிகிரில டக்குனு உருகி டக்குனு இறுகும். லெட் ஃப்ரீ (ஈயம் கலக்காத) சால்டர் உருகவே 217 டிகிரிக்கு மேல வேணும், பழகுற கைக்கு அது இம்சை. டிப்பு பேடையும் பார்ட்டோட காலையும் சேர்த்து தொடணும், ஒரு செகண்ட் விட்டு ஈயத்த டிப்புல இல்ல, ஜாயின்ட்ல வைங்க, நல்ல ஈயம்னா அப்படியே பளபளன்னு கால் மேல ஏறி சரிவா நிக்கும். மட்டமான ஈயம் சாம்பல் கலர்ல உருண்டையா திரண்டு உக்காந்துக்கும், அயனை குத்தம் சொல்லிட்டு உக்காந்திருப்போம். பைப் பத்த வைக்கிற ஆசிட் பேஸ்ட்ட போர்டுல வைக்காதீங்க, நாளடைவுல காலை அரிச்சிடும். ஜன்னல திறந்து வைங்க, வேலை முடிஞ்சதும் கை கழுவுங்க.

ரெசிஸ்டர்_ரசிகன்:
மல்டிமீட்டர் விஷயம் நான் சொல்றேன். பேட்டரி, 5 வோல்ட், 12 வோல்ட் இதோட நிப்பாட்டிக்கிறீங்கன்னா சீப் மீட்டரே தாராளம், கன்டின்யூட்டி பீப் (வயர் அறுபடாம இருந்தா சத்தம் போடறது) இருக்கணும் அவ்ளோதான். ஆனா அதை மெயின்ஸ்ல, அதாவது வீட்டு கரன்ட் பிளக்ல, சொருகாதீங்க. முகப்புல கேட் 3 னு (மெயின்ஸ்ல வச்சாலும் பாதுகாப்புங்கற ரேட்டிங்) பிரிண்ட் பண்ணியிருப்பான், உள்ள திறந்து பாத்தா குட்டி கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், கரன்ட் அளக்குற 10 ஆம்ப் ஓட்டையில சிலதுக்கு ஃபியூஸே கிடையாது, அதை அவனே ஓட்டை பக்கத்துல எழுதியும் வச்சிருப்பான். நீங்க பாத்த பத்து மடங்கு விலை மீட்டர்ல மணல் ரொப்புன செராமிக் ஃபியூஸ், உள்ள இடைவெளி விட்டு செஞ்ச போர்டு எல்லாம் இருக்கும், காசு அதுக்குத்தான்.

அப்புறம் 1000 பீஸ் கிட். வேஸ்ட். ஒரு வேல்யூல பத்து பீஸ் தருவான், உங்களுக்கு 10கே முப்பது வேணும், 8.2 மெகா ஓம் ஆயுசுக்கும் ஒண்ணு கூட வேணாம். 220, 330, 1கே, 4.7கே, 10கே, 100கே இதை நூறு நூறா வாங்குங்க, கால் வாட் போதும். 100 நானோஃபாரட் செராமிக் நிறைய வாங்குங்க, ஒவ்வொரு ஐசி பக்கத்துலயும் ஒண்ணு போகும்.

ஓம்_சாந்தி:
இதுல எனக்கு உடன்பாடு இல்ல நண்பா. ராத்திரி 11 மணிக்கு 680 ஓம் வேணும்னா எங்க போறது? ரெசிஸ்டர் மட்டும் ஈ12ங்கற ஸ்டாண்டர்ட் வேல்யூ வரிசை முழுசா ஒரு கிட் வாங்கட்டும், ஒரு டெகேடுக்கு (100ல இருந்து 1000 மாதிரி ஒவ்வொரு பத்து மடங்குக்கும்) 12 வேல்யூதான், பெரிய காசு இல்ல. கெபாசிட்டர், டிரான்சிஸ்டர் கிட் வேணாம்ங்கறது சரி.

ரெசிஸ்டர்_ரசிகன்:
1கே ரெண்ட பேரலல்ல போட்டா 500, அதோட சீரிஸ்ல 220 போட்டா 720, எல்இடிக்கு அது போதாதா 😄 சரி விடுங்க, ரெசிஸ்டர் கிட் ஓகே.

டேட்டாஷீட்_தாத்தா:
டூப்ளிகேட் கேட்டீங்கல்ல. பிசி547, 1என்4148, 1என்4007, 555, எல்எம்358, 7805 மாதிரி சாதாரண டிரான்சிஸ்டர், டயோடு, ஐசி இதெல்லாம் எங்க வாங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும், இதை போலியா செஞ்சா அவனுக்கே கட்டாது. விலை கூடுன அயிட்டம்தான் பயம். நீங்க ஆடியோ ஆம்ப்னு சொன்னதால சொல்றேன், ஆடியோ ஐசி, பவர் டிரான்சிஸ்டர், நல்ல பேரு வாங்குன ஆப்ஆம்ப் (சிக்னல பெருசாக்குற ஐசி) இதுலதான் மேல இருக்கற எழுத்த சுரண்டிட்டு வேற நம்பர் அடிச்சு விக்கறது ஜாஸ்தி. அசிட்டோன் தொட்ட பஞ்சால தேய்ங்க, கருப்பு மை பஞ்சுல வந்தா சந்தேகப்படலாம், லேசர் மார்க்கிங் அப்படி அழியாது. எல்எம்2596 பக் மாட்யூல் (வோல்டேஜ கொறைச்சு தர்ற குட்டி போர்டு) இன்னொரு கூத்து, ஒரிஜினல் 150 கிலோஹெர்ட்ஸ்ல ஓடணும், சீப் மாட்யூல் நிறைய 50 பக்கத்துல ஓடுது, ரிப்பிள் (அவுட்புட் வோல்டேஜ்ல வர்ற ஏற்ற இறக்கம்) ஏறும், சூடாகும். 18650 லித்தியம் செல்லுல 9900 எம்ஏஎச்னு போட்டிருந்தா யோசிக்காம தள்ளி வைங்க, அந்த சைஸ்ல அவ்வளவு கொள்ளவே கொள்ளாது, நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான்.

அதனால இந்த மாதிரி சாமான மட்டும் டிஜிகீ, மவுசர், எல்சிஎஸ்சி மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட வாங்குங்க. ஷிப்பிங் சார்ஜ்தான் கடிக்கும், நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டரா போட்டா தாங்கும்.

மினுக்கும்_எல்இடி:
செம, ரொம்ப நன்றி எல்லாருக்கும். பழைய டிவி, கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் கழட்டி பார்ட்ஸ் எடுக்கலாமா? ஆசில்லோஸ்கோப் (சிக்னல கோடா வரைஞ்சு காட்டுற கருவி) இப்பவே வேணுமா?

பழைய_பிசிபி:
ஸ்கோப் இப்ப வேணாம். ஆர்டுயினோ சிக்னல் பாக்க 8 சேனல் 24 மெகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி லாஜிக் அனலைசர் வாங்குனா போதும், பல்ஸ்வியூ சாஃப்ட்வேர் இலவசம், ஐ2சி, சீரியல்னு சிப்புங்க பேசிக்கிற பாஷை எல்லாம் அதுவே பிரிச்சு காட்டும். கழட்டறதுன்னா பழைய ப்ரிண்டர்ல இருந்து ஆரம்பிங்க, மோட்டார், கியர், ஸ்க்ரூ, சென்சார்னு அள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டர் பவர் சப்ளை டப்பாவுல) பெரிய கெபாசிட்டர் 230 வோல்ட் லைன்ல ஓடுனா 320 வோல்ட் வரைக்கும் புடிச்சு வச்சிருக்கும், பிளக்க புடுங்கிட்டா போச்சுன்னு நினைக்கக் கூடாது, மீட்டர் வச்சு பாக்காம விரல் வைக்காதீங்க. மைக்ரோவேவ் அவன், பழைய டியூப் டிவி ரெண்டும் வேண்டாம். பழைய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரும் எடுக்காதீங்க, காஞ்சு போயிருக்கும்.

பவர் சப்ளைக்கும் மெயின்ஸ தொட வேண்டியதில்ல. பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட் ஒண்ணு இருந்தா அதுக்கு பின்னாடி எல்எம்317ங்கற வோல்டேஜ் ரெகுலேட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பாட் (திருகி மாத்துற ரெசிஸ்டர்), ரெண்டு கெபாசிட்டர், முடிஞ்சது வேலை. 5 வோல்ட்டுல அரை ஆம்ப் இழுத்தா 7 வாட் சூடா போகும், அதனால ஹீட் சிங்க் கட்டாயம், எல்எம்317 முதுகுல இருக்கற உலோகத் தகட்டுல அவுட்புட் வோல்டேஜ் இருக்கும்ங்கறத மறந்துடாதீங்க, அது ஹீட் சிங்க்க தொடாம நடுவுல மைக்கா ஷீட் வைங்க.