புதுப்பிப்பு: அப்பாவின் உலோக இடுப்பு மூட்டு, மறு ஆபரேஷன் முடிந்தது

பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமான செயற்கை இடுப்பு மூட்டு வைத்திருந்த அப்பாவுக்கு, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தொடையிடுக்கு வலி ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, "ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பாருங்கள்" என்ற யோசனைதான். பந்தும் கிண்ணமும் உரசும்போது உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் உலோகங்கள் இவை. பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்லும் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் அளவைக் கோபால்ட் தாண்டியிருந்தது. (சாதாரணக் குழாயில் ரத்தம் எடுத்தால் கணக்கு தப்பும்; உலோகச் சோதனைக்கென்றே உள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள்.)

உலோக நிழலைக் குறைத்து எடுத்த எம்ஆர்ஐயில் மூட்டைச் சுற்றி நீர் கோத்திருந்தது. திறந்து பார்த்தால் சாம்பல் நிறத் திரவம், அரித்துப்போன தசை. தொடையெலும்புக்குள் இருந்த தண்டு உறுதியாக நின்றதால் அதை விட்டுவிட்டு, உலோக உரசல் இல்லாதபடி பீங்கான் பந்தும் பாலிஎதிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) உள்கிண்ணமும் வைத்தார்கள்.

எதிர்பாராதது: அப்பாவுக்கு இருந்த காது இரைச்சலும் குறைந்திருக்கிறது. கோபால்ட்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. வலி போயிற்று. நொண்டல் மட்டும் இருக்கிறது. போன தசை போனதுதானாம்.