மறுமொழி: குருதியில் உலவும் புற்றணுவுக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம். கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் உலவும் புற்றுநோய் உயிரணுவுக்கும் (circulating tumor cell; சுருக்கமாகப் புற்றணு), அதை விரைவாகவும் மலிவாகவும் கண்டறியும் கருவிக்கும் (biosensor) தமிழ்ப்பெயர் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த பெயர்களைப் பற்றி என் கருத்து இது.

"குருதிப் புற்றணு" சுருக்கமான சொல்தான். ஆனால் படிப்பவர் ரத்தப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்வார். நாம் பெயர் தேடும் அணு ரத்தத்தில் பிறந்ததல்ல, மார்பகத்திலோ குடலிலோ உள்ள கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் இறங்கியது. சோதனை முடிவைக் கையில் வாங்குபவரிடம் இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லும் பெயர் வேண்டவே வேண்டாம்.

"திரி புற்றணு" எனக்கும் பிடித்திருந்தது. சேர்த்து எழுதிப் பார்த்தேன், கண் முதலில் "திரிபு" என்றுதான் படிக்கிறது. மரபணுத் திரிபு ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் குழப்பம் வரும். "புலம்பெயர் புற்றணு" என்றால் வேறிடத்தில் குடியேறிவிட்டது போல் ஒலிக்கிறது. ரத்தத்தில் இறங்கியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடுகின்றன.

என் பரிந்துரை: உலவு புற்றணு. வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. மூன்று காலமும் இதற்குள் அடங்கும். 1869இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஆஷ்வொர்த் புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கண்டவை உலவிய அணுக்கள். இன்றைய கருவிகள் பிடிப்பவை உலவுகின்ற அணுக்கள். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

அப்புறம், கருவியின் பெயர். "உயிர்க்கூற்றுணரி" பொருளளவில் மிகச் சரி. 1962இல் அமெரிக்க அறிவியலாளர் கிளார்க், ஆக்சிஜனை அளக்கும் மின்முனையோடு நொதியைச் சேர்க்கும் வழியைச் சொன்னதிலிருந்தே, இலக்கை இனம்காணும் வேலையை உயிர்ப்பொருள் செய்வதுதான் இந்தக் கருவிகளின் அடையாளம். இங்கே அந்த வேலை பெரும்பாலும் எதிர்ப்பொருளுடையது (antibody, குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் புரதம்). புற்றணு வந்து அதில் ஒட்டினால் மின்முனையின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) மாறும், அதை அளக்கலாம். ஆனால் "கூற்று" தமிழில் எமன் அல்லவா? "உயிர்", "கூற்று" இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புற்றுநோய்ச் சோதனைக்குப் பெயரிட எனக்கு மனம் வரவில்லை. உயிருணரி போதும்.

விரைவையும் மலிவையும் பெயருக்குள் நுழைக்க வேண்டாம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்கள், அவற்றுக்கு நடுவே பெரும்பாலும் ஒன்றிரண்டு புற்றணுக்கள். அதைத் தேடிப் பிடிக்கும் கருவி மெதுவானதாக இருந்தாலும் உயிருணரிதான். வேண்டிய இடத்தில் "மலிவுவிலை விரைவு உயிருணரி" என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தனியாக வராமல் கொத்தாகக் கழன்று வருபவை வேறிடத்தில் கட்டியாக முளைக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே அவற்றுக்குத் தனிப்பெயர் தேவை. "உலவு புற்றணுக்கொத்து" நீளமாக இருக்கிறது. "உலவுகொத்து" என்று சுருக்கினால் புரியுமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்