மகனின் கிரெடிட் கார்டோடு வரும் இலவசப் பயணக் காப்பீடு பெற்றோருக்குச் செல்லுமா?

கேட்டவர்: கோத்தகிரி வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் உள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட்டு, பொங்கலுக்கு முன் ஊர் திரும்புவதாக இருக்கிறோம். எனக்கு வயது அறுபத்தைந்து. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மனைவிக்கு மூட்டு வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. கோவையில் வேலை பார்க்கும் மகன், சென்னையிலிருந்து பிராங்பர்ட் செல்ல எங்கள் இருவருக்குமான விமான டிக்கெட்டுகளைத் தன் கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டான். அந்தக் கார்டுடன் ஒரு கோடி ரூபாய் விமான விபத்துக் காப்பீடும், வெளிநாட்டில் மருத்துவமனைச் செலவுக்கான காப்பீடும், பெட்டி தாமதமானால் ஈடும் இலவசமாகவே கிடைக்கின்றன என்றும், ஆகவே தனியாக ஒரு பாலிசி எடுப்பது வீண் செலவு என்றும் அவன் சொல்கிறான்.

அந்தக் காப்பீடு எங்களுக்குச் செல்லுமா, விசா விண்ணப்பத்துடன் அதைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா என்பதை அறிய விரும்புகிறேன். இன்னொரு கவலையும் இருக்கிறது. நாங்கள் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் மலைச்சாலைகள் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் மண் சரிந்து ரயிலையும், அதனால் விமானத்தையும் தவறவிட்டால், அந்த இழப்பையாவது கார்டுக் காப்பீடு ஈடுகட்டுமா?

பதில்: குன்னூர், காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

ஐயா, உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. உங்களைப் பாதிக்கக்கூடியது மீதிப் பாதிதான்.

கார்டோடு வரும் காப்பீடு என்பது குழுக் காப்பீடு. ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் வங்கி மொத்தமாகப் பாலிசி எடுத்து, அதன் பயனைத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தருகிறது. பாலிசிதாரர் வங்கி, உங்கள் மகன் அதன் கீழ்ப் பயன்பெறும் உறுப்பினர். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உறுப்பினர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதை. பல கார்டுகளில் அது முதன்மை அட்டைதாரரை மட்டுமே குறிக்கும். சிலவற்றில் ஆட்-ஆன் கார்டு, அதாவது முதன்மை அட்டையின் கீழ்க் குடும்பத்தாருக்கு வாங்கித் தரும் துணை அட்டை, வைத்திருப்பவரும் சேர்வார். மிகச் சிலவற்றில்தான் மனைவி, மக்கள் என்று குடும்பம் வரும், அங்கும் பெற்றோர் இருப்பது அரிது. மகன் பணம் கட்டினான் என்பதாலேயே பயணம் செய்யும் பெற்றோர் காப்பீட்டுக்குள் வந்துவிடுவதில்லை. டிக்கெட்டைக் கார்டில் வாங்க வேண்டும் என்பது காப்பீடு உயிர்பெறுவதற்கான நிபந்தனையே தவிர, அது யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது அல்ல. அவரே பயணம் செய்தால் கிடைக்கக்கூடியது, நீங்கள் பயணம் செய்வதால் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து, அந்த ஒரு கோடி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இந்தத் தொகை விமான விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் நாமினிக்குக் கொடுப்பதற்கானது. பிராங்பர்ட்டில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து ஒரு பைசா வராது. மருத்துவச் செலவுக்கான பிரிவு வேறு, அதன் தொகை வேறு, விதிவிலக்குகளும் வேறு. அந்தப் பிரிவில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்கள்தான் என்ற வரம்பும், வயது வரம்பும் பெரும்பாலும் இருக்கும். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவை அநேகமாக விலக்கி வைத்திருப்பார்கள். உங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

விசா விஷயத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிகளின்படி காப்பீட்டுத் தொகை குறைந்தது 30,000 யூரோவாக இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும், தங்கும் காலம் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, நோயாளியைத் தாயகம் கொண்டுவருதல், மரணம் ஆகியவற்றுக்கான செலவை ஏற்க வேண்டும். பயணியின் பெயர், தேதிகள், தொகை ஆகியவை தெளிவாகக் குறிப்பிடப்பட்ட சான்று வேண்டும். கார்டின் விளம்பரப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுப்பதால் பயனில்லை. உங்கள் இருவர் பெயரிலும் தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். புறப்பட்ட பின் எடுக்க முடியாது என்பதையும், முன்மொழிவுப் படிவத்தில் நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். தனிப் பாலிசியிலும் பழைய நோய்க்கு விலக்கு இருக்கலாம்; உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புக்குள் தரும் பாலிசிகளும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பிரீமியத்தில் நூறு இருநூறு மிச்சம் பார்க்கும் இடம் இது அல்ல.

பதில்: லவ்டேல் வாசகி

மேலே உள்ள பதில் முழுமையாக இருப்பதால் நான் பெட்டித் தாமதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் சொந்தக் கார்டில் டிக்கெட் வாங்கி வெளிநாடு சென்றபோது பெட்டி வந்து சேராமல், கார்டுக் காப்பீட்டில் ஈடு பெற்றிருக்கிறேன். ஆகவே அது வெறும் அலங்காரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கேட்ட காகிதங்களைத் திரட்டுவது ஒரு தனி வேலை. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் பெட்டி வரவில்லை என்ற அறிக்கையை எழுதி வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கிளைம் அங்கேயே முடிந்துவிடும். போர்டிங் பாஸ், பெட்டிச் சீட்டு, பெட்டி எத்தனை மணிக்குக் கையில் கிடைத்தது என்ற சான்று, இடையில் வாங்கிய உடை முதலியவற்றின் பில்கள், டிக்கெட் தொகை கார்டில் பற்றானதைக் காட்டும் ஸ்டேட்மென்ட் ஆகிய எல்லாவற்றையும் கேட்டார்கள். இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் ஈடு என்ற கணக்கும் உண்டு. ஊர் திரும்பி இறங்கும் விமான நிலையத்தில் பெட்டி தாமதமானால் பல பாலிசிகள் எதுவும் தருவதில்லை. வீட்டில்தான் மாற்றுத் துணி இருக்கிறதே என்பது அவர்கள் வாதம்.

காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், விமான நிறுவனத்துக்கே ஒரு பொறுப்பு உண்டு என்பதை ஐயா தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவும் ஜெர்மனியும் ஏற்றுள்ள மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்ற பன்னாட்டு விமானப் பயண உடன்பாட்டின்படி, பெட்டி சேதமடைந்தால் 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை, உங்கள் பெயரில் டிக்கெட் இருந்தால் போதும்.

பதில்: கூடலூர்க்காரன்

குன்னூர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. இருந்தாலும் இலவசக் காப்பீட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிடுவதும் சரியல்ல என்று நினைக்கிறேன். விமான விபத்துப் பிரிவு, மருத்துவப் பாலிசியைப் போலச் செலவைத் திருப்பித் தருவது அல்ல, குறித்த தொகையை அப்படியே கொடுப்பது. ஆகவே தனிப் பாலிசி இருந்தாலும் இதையும் கேட்கலாம். மகன் தம் கார்டில் பெற்றோருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கித் தரலாமே? அந்தக் கார்டின் விதிகளில் ஆட்-ஆன் உறுப்பினர்களும் வருவார்கள் என்றால், டிக்கெட்டையும் அதிலேயே வாங்கினால் பயன் உண்டு. டிக்கெட் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதால் இந்தப் பயணத்துக்கு அது உதவாமல் போகலாம், அடுத்த முறைக்கு யோசிக்கலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, டிக்கெட் தொகையில் ஒரு பகுதியை ரிவார்டு பாயின்டில் கழித்திருந்தாலோ, ஊட்டியில் உள்ள ஏஜென்ட்டிடம் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருந்தாலோ, முழுக் கட்டணமும் கார்டில் செலுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனையில் சிக்கல் வரும். நம் பக்கத்தில் பலர் கையில் வைத்திருக்கும் ரூபே டெபிட் கார்டில் உள்ள விபத்துக் காப்பீடும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியதுதான். வெளிநாட்டு மருத்துவச் செலவுக்கு அதை நம்பக் கூடாது.

கேட்டவர்: கோத்தகிரி வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. மகனிடம் சொன்னேன். வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் “குடும்பத்துக்கும் உண்டு” என்று வாய்மொழியாகச் சொன்னதாக அவன் கூறுகிறான். அதை எந்த அளவுக்கு நம்பலாம்? சாலை பற்றிய என் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாயிருக்கும்.

பதில்: குன்னூர், காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

தொலைபேசியில் சொன்னது கிளைம் நேரத்தில் செல்லாது, ஐயா. உங்கள் மகன் வங்கிக்கு மின்னஞ்சல் எழுதி, காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், குழுப் பாலிசி எண், காப்பீட்டுச் சான்று, முழு விதிமுறைகள் ஆகியவற்றைக் கேட்கட்டும். இவற்றைக் கேட்டுப் பெற அவருக்கு உரிமை உண்டு. நாமினி விவரம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கார்டோடு காப்பீடு தரும்போது வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலையும் நாமினி விவரத்தையும் பெற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தன் கிரெடிட் கார்டு விதிகளில் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள்.

சாலைக் கேள்விக்கு வருகிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவை மறக்காதவர்களுக்கு உங்கள் கவலை நன்றாகவே புரியும். ஆனால் காப்பீட்டு விதிகளில் தவறிய இணைப்பு என்பது பொதுவாக ஒரு விமானம் தாமதமாகி அடுத்த விமானத்தைத் தவறவிடுவதைக் குறிக்கும். வீட்டிலிருந்து புறப்பட்ட வாடகைக் கார் மண்சரிவில் நின்றுவிட்டது என்பதை இலவசக் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தனிப் பாலிசியில் பயண ரத்துப் பிரிவு இருந்தால், ஏற்கப்படும் காரணங்களின் பட்டியலில் இயற்கைச் சீற்றம் இருக்கிறதா, அது புறப்படும் ஊருக்கும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். டிக்கெட்டில் தேதி மாற்றும் வசதி இருந்தால் அது இதைவிட நம்பகமானது. காப்பீட்டை எண்ணிக்கொண்டிராமல், ஓரிரு நாள்கள் முன்னதாகவே மலை இறங்கி மகன் வீட்டில் தங்கி, கோவையிலேயே ரயில் ஏறுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் அங்கும் நிற்கிறது.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, குழுக் காப்பீட்டு உறுப்பினரும் முறையிடலாம். ஜெர்மனியில் அவசரம் என்றால் முதலில் 112 என்ற எண்ணை அழையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்ததும் பாலிசியில் உள்ள உதவி மையத்துக்கு மகள் உடனே தகவல் சொல்லட்டும். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.