ஈசூன் பக்கம் யாரிடமாவது வேப்பம்பூ இருக்கிறதா?

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். இங்கே சிங்கப்பூரில் அன்று பொது விடுமுறை இல்லை என்பதால், அதற்கு அடுத்து வரும் ஞாயிறு காலை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்பது பேருக்குச் சின்னதாக ஒரு விருந்து வைக்கிறோம். நகர மன்றத்தில் இடத்துக்கு அனுமதி கேட்டாயிற்று. மேசை, நாற்காலியும் தயார்.

சிக்கல் பச்சடியில்தான். மாங்காய், வெல்லம், புளி, மிளகாய் எல்லாம் தேக்கா சந்தையில் வாங்கிவிடலாம். வேப்பம்பூ மட்டும் இல்லை. சாலையோர வேப்பமரத்தில் எட்டிப் பறிக்கலாமே என்று என் மாமியார் சொல்கிறார். அனுமதியில்லாமல் பறித்தால் அபராதம் என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குத்தான் கசந்துவிட்டது!

வீட்டுத் தோட்டத்தில் மரம் உள்ளவர்களோ, ஊரிலிருந்து காய்ந்த பூ கொண்டுவந்தவர்களோ ஒரு கைப்பிடி தர முடியுமா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காய்ந்த பூவை நெய்யில் எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். போன வருடம் கருக்கிவிட்டேன், பிள்ளைகள் தொடவே இல்லை.

இன்னொன்று. எங்கள் மாடியில் இருக்கும் சீன, மலாய்க் குடும்பங்களும் வருகிறார்கள். அறுசுவையின் பொருளை ஆங்கிலத்திலோ மலாயிலோ இரண்டு நிமிடம் சொல்ல ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவர் கிடைத்தால் நல்லது. விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் வசதி.